சுற்றுச்சுவருக்கான பணம் எந்த வழியில் வருகிறது?

யூடைஸ் பிளஸ் படிவத்தில் சுற்றுச்சுவர் பற்றி ஒரு கேள்வி உண்டு. முழுமையான கல்சுவர், இடிந்த சுவர், பகுதிச் சுவர், முள்கம்பி வேலி, உயிர்வேலி, சுவரே இல்லை என்று பதில்கள் வரிசையாக இருக்கும். நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு நடுவே வருவதால், சென்ற ஆண்டு என்ன போட்டோமோ அதையே போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவது எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதுதான். மூன்று பக்கம் சுவர் இருந்து ஒரு பக்கம் திறந்து கிடக்கும் பள்ளி, 'சுவர் உண்டு' என்ற கணக்கில் சேர்ந்துவிடும். கணக்கில் சுவர் உள்ள பள்ளிக்குச் சுவர் கட்ட யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். பள்ளிப் பாதுகாப்புக்கான அரசு நிதியைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுவர் கேட்பது சலுகை கேட்பது அல்ல. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். எல்லாப் பருவநிலைக்கும் ஏற்ற கட்டடம், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டுத் திடல் இவற்றோடு, பள்ளிக் கட்டடத்தைச் சுற்றுச்சுவராலோ வேலியாலோ பாதுகாக்கும் ஏற்பாடும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது. சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. இந்த வசதிகளைச் செய்து முடிக்க அது கொடுத்த கெடு மூன்று ஆண்டுகள். அந்தக் கெடு முடிந்து நெடுநாளாகிறது.

நீதிமன்றமும் இதில் பேசியிருக்கிறது. 2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். அந்தத் துயரத்தை அடுத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று கூறியது. அண்மையில், 2025 நவம்பர் 7இல், தெருநாய்கள் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் நேரடியாகவே சொன்னது. பள்ளிகள், மருத்துவமனைகள் போன்ற இடங்களைக் கண்டறிந்து, வேலி, சுற்றுச்சுவர், வாயிற்கதவு ஆகியவற்றால் பாதுகாக்க வேண்டும், உள்ளாட்சி அமைப்புகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அங்கே ஆய்வு செய்ய வேண்டும் என்பது அந்த உத்தரவு. நாய்க்காகச் சொன்னதானாலும் சுவர் சுவர்தான். கோரிக்கைக் கடிதம் எழுதும் தலைமையாசிரியர்கள் இந்த உத்தரவின் தேதியைக் குறிப்பிட்டு எழுதலாம்.

மானியத்தில் சுவர் எழும்புமா?

பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "பள்ளிக்கு வருஷா வருஷம் பணம் வருதே சார், அதுல ஒரு சுவர் கட்டக் கூடாதா?" கேட்பவர் மீது தவறில்லை. பதிலைக் கணக்காகச் சொன்னால் அவருக்குப் புரியும்.

ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ் வரும் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். அதில் குறைந்தது பத்து விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும்.

ஒரு ஏக்கர் சதுர நிலத்தில் ஒரு பள்ளி இருப்பதாகக் கொள்வோம். ஒரு பக்கம் ஏறத்தாழ 63.6 மீட்டர், சுற்றளவு 254 மீட்டர். சுவர் கட்ட ஓடு மீட்டருக்கு 6,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் (உண்மை விலையை அந்தந்த ஊர்ப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்), மொத்தம் 15 லட்சத்து 24 ஆயிரம். 50,000 மானியத்தில் தூய்மைக்கான பங்கு போக மிச்சம் 45,000. அதில் ஏழரை மீட்டர் சுவர் எழும்பும். சுண்ணக்கட்டி, பதிவேடு, பழுதுபார்ப்பு எதற்கும் ஒரு ரூபாய்கூடச் செலவிடாமல் இருந்தால், சுவர் முடிய 34 ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கை ஒரு முறை கரும்பலகையில் போட்டுக் காட்டினால் போதும், மானியம் எதற்கு, சுவர் எதற்கு என்பது கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

ஆக, சுவருக்கான பணம் வேறு வழிகளில்தான் வருகிறது. எந்த வழி என்பது பள்ளி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் கட்டடமும் சுவரும் ஒன்றியத்தின் பொறுப்பு. வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒன்றியப் பொறியாளரும்தான் நாம் போய் நிற்க வேண்டிய இடம். வட்டாரக் கல்வி அலுவலருக்கு மட்டும் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தால் அந்தக் கடிதம் பொறியாளரின் மேசைக்குப் போய்ச் சேர நாளாகும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பொதுப்பணித்துறை வழியாக நபார்டு கடனுதவியில் கட்டடப் பணிகள் நடக்கின்றன. நகர்ப்புறத்தில் மாநகராட்சி, நகராட்சிப் பொறியியல் பிரிவுகள். 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில், முதல் ஆண்டில் 1,300 கோடியோடு தொடங்கியது. அதில் பெரும்பங்கு வகுப்பறைகளுக்குப் போனது. அதுதான் முறையும்கூட. கூரை ஒழுகும்போது வேலியைப் பற்றி முதலில் பேச முடியாது.

இவை தவிர, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. ஊர்மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. 2022 டிசம்பர் 19இல் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் உதவுகிறார்கள். என் அனுபவத்தில், நன்கொடையாளர்கள் வகுப்பறைக்கு வண்ணம் பூசவும் மேசை நாற்காலி வாங்கவும் விரும்பி வருவார்கள், சுவருக்கு வருபவர் குறைவு. பெயர்ப்பலகை வைத்தாலும் சுவர் சுவராகத்தானே தெரிகிறது!

'சுற்றுச்சுவர் தேவை' என்ற ஒரு வரி

இத்தனை வழிகள் இருந்தும் பல பள்ளிகளுக்குச் சுவர் வராததற்கு நிதிப் பற்றாக்குறை ஒரு காரணம். கோரிக்கை எழுதப்படும் விதம் இன்னொரு காரணம். முதல் காரணத்தில் நாம் செய்யக்கூடியது குறைவு, இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றியது. அரசோ உள்ளாட்சியோ வழங்கும் மானியங்களுக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்று அது சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்று சட்டம் அமைத்த குழு இது. அதன் தீர்மானத்துக்குச் சட்டம் கொடுத்த எடையை நாமே பல நேரம் கொடுப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு நடுநிலைப் பள்ளியில் மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் வாய்க்கால் கரை. கரை வழியாகச் சந்தைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. திங்கட்கிழமை காலையில் முதல் வேலை, திடலில் கிடக்கும் பாட்டில் துண்டுகளைப் பொறுக்குவது. ஆனால் உண்மையான சிக்கல் அதுவல்ல. பெண் பிள்ளைகளின் கழிப்பறை அந்தத் திறந்த பக்கத்தை ஒட்டி இருந்தது. ஏழு, எட்டாம் வகுப்பு மாணவிகள் சிலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, மாலை வீட்டுக்குப் போய்த்தான் கழிப்பறை போகிறார்கள் என்பது ஒரு தாய் சொல்லித்தான் வெளியே வந்தது. கழிப்பறை கட்டியாகிவிட்டது என்று படிவத்தில் இருந்தது. பயன்பாட்டில் இருக்கிறது என்றும் இருந்தது.

தீர்மானப் பதிவேட்டைப் புரட்டினால், வெவ்வேறு ஆண்டுகளில் ஆறு தீர்மானங்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி: 'பள்ளிக்குச் சுற்றுச்சுவர் தேவை.' எத்தனை மீட்டர், எந்தப் பக்கம், நிலம் யாருடையது, ஏன் தேவை என்று ஒன்றும் இல்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது.

அந்தப் பருவத்தில் ஏழாம் வகுப்புக்குச் சுற்றளவு நடத்திக்கொண்டிருந்தோம். பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு அளவு நாடாவைக் கொடுத்துத் திறந்த பக்கத்தை அளக்கச் சொன்னோம். 45.8, 46, 46.2 என்று மூன்று விடைகள் வந்தன. நாடா தொய்ந்தால் அளவு கூடும் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். சராசரி எடுத்தோம், 46 மீட்டர். பள்ளி வளாகத்தின் படத்தை அளவுத்திட்டத்தோடு வரைந்து கழிப்பறை, கிணறு, சமையற்கூடம், வாய்க்கால் எல்லாவற்றையும் குறித்தார்கள். பாடமும் நடந்தது, படமும் கிடைத்தது. அந்தப் படம்தான் ஏழாவது தீர்மானத்தோடு இணைக்கப்பட்டது.

தீர்மானம் எழுதுமுன் இன்னொரு வேலையும் நடந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் பள்ளி நிலத்தின் புல எண்ணையும் புல வரைபடத்தையும் வாங்கி, நில அளவரை வரவழைத்து எல்லைக்கல் நட்டோம். இதைச் செய்யாத பள்ளிகளில், பணம் ஒதுக்கப்பட்டு வேலை தொடங்கும் நாளன்று பக்கத்து நிலக்காரர் வந்து நிற்பதும், வேலை நின்று, நிதியாண்டு முடிந்து, பணம் திரும்பிப் போவதும் புதிதல்ல. எல்லைத் தகராறைத் தீர்க்காமல் சுவர் கேட்பது வீண்.

அடுத்து வந்த கிராம சபையில் பள்ளித் தீர்மானத்தைப் படித்து அங்கும் ஒரு தீர்மானமாக்கினார்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். இவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் பக்கத்தில்தான் இருக்கும். கிராம சபையில் பேசியவர் தலைமையாசிரியர் அல்லர், அந்தத் தாய்.

முதல் ஆண்டில் தொகுதி மேம்பாட்டு நிதியில் 30 மீட்டருக்குத்தான் பணம் வந்தது. எந்த 30 மீட்டர் என்று கேள்வி எழுந்தது. சாலையிலிருந்து பார்த்தால் தெரியும் முனையிலிருந்து தொடங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். குழுவின் பெண் உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கழிப்பறையை ஒட்டிய 30 மீட்டர் முதலில் எழும்பியது. மீதி 16 மீட்டருக்கு முள்கம்பி போட்டு, மறு ஆண்டு ஒன்றியப் பொது நிதியில் சுவரானது. வகுப்பறை ஜன்னலோரத்தில் தண்ணீர் பாட்டில்கள் காலியாகத் தொடங்கியதை அந்த மாணவிகளின் வகுப்பாசிரியர்தான் முதலில் கவனித்துச் சொன்னார்.

சுவரே ஆபத்தாகும்போது

சுவர் வந்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று இருந்துவிட முடியாது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் பெருமழையில் ஒரு தனியார் சுற்றுச்சுவர் வீடுகள் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். 2021 டிசம்பர் 17இல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்களைப் பறிகொடுத்தோம். 2025 ஜூலை 25இல் ராஜஸ்தான் மாநிலம் ஜாலாவார் மாவட்டத்தில் அரசுப் பள்ளிக் கூரை விழுந்து ஏழு குழந்தைகள் இறந்தார்கள். வெளியிலிருந்து யாராவது வந்துவிடுவார்களோ என்று அஞ்சும் அளவுக்கு, தலைக்கு மேலும் பக்கத்திலும் நிற்பதைப் பார்த்து நாம் அஞ்சுவதில்லை.

பொறியாளர் அல்லாத நம் கண்ணுக்கே தெரியும் சில அடையாளங்கள் உண்டு. சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, படிக்கட்டு போல ஓடும் விரிசல், அடியில் எப்போதும் ஈரம், சுவரைத் தள்ளிக்கொண்டு வளரும் வேர். இவற்றையெல்லாம்விட மோசமானது, சுவரின் ஒரு பக்கம் மண்ணையோ கட்டட இடிபாட்டையோ கொட்டி வைப்பது. தனியே நிற்பதற்குக் கட்டிய சுவர் மண்ணைத் தாங்கும் சுவராக மாறிவிடும், அதற்கான வலு அதில் இருக்காது. மழையில் மண் ஊறி எடை கூடும்போது சரியும். புதுச் சுவர் கட்டும்போது, தண்ணீர் வடிய அடியில் துளைகள் விடுகிறார்களா என்று மட்டுமாவது கவனித்துக் கேளுங்கள். மழைநீர் ஓடிக்கொண்டிருந்த பாதையைச் சுவர் அடைத்துவிட்டால், அடுத்த வடகிழக்குப் பருவமழையில் திடல் குளமாகும், சுவரும் நிற்காது.

சந்தேகத்துக்குரிய சுவருக்கு உடனே செய்யக்கூடியது செலவில்லாதது. சுவரின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குக் கயிறு கட்டி, பிள்ளைகள் போகாமல் தடுத்து, அன்றே எழுத்தில் தெரிவிப்பது. இடிக்க வேண்டிய கட்டடத்தை நாமே இடித்துவிட முடியாது, மதிப்பீடும் உரிய அனுமதியும் வேண்டும். அதுவரை பூட்டி வைப்பது நம் பொறுப்பு. அனுப்பிய கடிதத்தின் நகலை, பெற்றதற்கான ஒப்பத்தோடு, கோப்பில் வையுங்கள். ஒன்றிய கல்வி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், பள்ளியில் நடக்கும் அசம்பாவிதங்களுக்குப் பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பை வரையறுக்கப் பார்க்கின்றன. விபத்து நடந்தால் முதலில் விளக்கம் கேட்கப்படுவது தலைமையாசிரியரிடம்தான்.

மானியத்துக்குள் முடிகிறவை

மேலே கரும்பலகையில் போட்ட கணக்கு மானியத்தைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. சுவருக்குப் போதாத அந்தத் தொகை வேறு பல இடங்களில் போதும். கழிப்பறைக் கதவின் உள்தாழ்ப்பாள், கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி, தீயணைப்பானை மறுபடி நிரப்புவது, சமையற்கூடத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு, தொங்கும் மின்கம்பியைச் சரிசெய்வது, காய்ந்த கிளையை வெட்டுவது. ஒரு தாழ்ப்பாளின் விலை சில நூறு ரூபாய். அது இல்லாததால் ஒரு மாணவி பள்ளிக்கு வராமல் இருந்திருக்கிறாள் என்றால், மானியத்தில் அதைவிடப் பயனுள்ள செலவு எது?

வாயிற்கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கதவு இருந்தும் பூட்டு இல்லாத பள்ளிகள் உண்டு, பூட்டு இருந்தும் சாவி யாரிடம் என்று தெரியாத பள்ளிகளும் உண்டு. கனமான இரும்புக் கதவின் கீல் தேய்ந்திருந்தால், அல்லது தள்ளுக் கதவு தடத்திலிருந்து விலகியிருந்தால், அதில் தொங்கி ஆடும் குழந்தை மீது விழும். மாதம் ஒரு முறை கீலைப் பார்ப்பதற்குப் பணம் வேண்டாம். அதேபோல, அவசரத்தில் எல்லாப் பிள்ளைகளும் வெளியேற இரண்டாவது வழி இருக்க வேண்டும். சுவரைச் சுற்றி எழுப்பி ஒரே வாசலை விட்டு, அதையும் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது.

இப்போது எங்கும் கேட்கப்படுவது கண்காணிப்புக் கேமரா. நன்கொடையாளர்களும் அதை விரும்பித் தருகிறார்கள். மேல்நிலைப் பள்ளிகளில் அதற்குப் பயன் உண்டு. நம் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரவுக்காவலர் பணியிடமே இல்லை. இரவில் கேமரா பதிவு செய்வதைக் காலையில்தான் பார்க்க முடியும். நடந்ததைச் சொல்லும், நடப்பதைத் தடுக்காது. பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதைக் குழுவில் பேசி முடிவு செய்யாமல் கேமரா மாட்டக் கூடாது என்பது என் கருத்து. திறந்து கிடக்கும் 46 மீட்டரா, நான்கு கேமராவா என்று ஒரே தொகைக்குள் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் சுவரைத்தான் சொல்வேன்.

பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதும் மாதத்தில், குழு உறுப்பினர்களோடு வளாகத்தை ஒரு முறை சுற்றி நடந்துவிட்டு எழுத உட்காருங்கள். பகல் இடைவேளையில் ஒரு முறை, பள்ளி விட்ட பிறகு ஆறு மணிக்கு ஒரு முறை. இரண்டு நேரத்திலும் தெரியும் ஆபத்துகள் வேறு. மாணவர்களில் நான்கைந்து பேரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எந்த மூலைக்குப் போக அவர்களுக்குப் பயம் என்பதைக் கேட்டால், நமக்குத் தெரியாத ஓர் இடத்தைக் காட்டுவார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் அளவு, கைபேசியில் எடுத்த படம், அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு வரி. எது மானியத்தில் முடியும், எது ஒன்றியத்துக்கு அல்லது பொதுப்பணித்துறைக்குப் போக வேண்டும் என்று பக்கத்திலேயே குறித்துவிட்டால், தீர்மானம் தானாக வடிவம் பெற்றுவிடும்.

சுவர் கட்டி முடிந்ததும், அடுத்த யூடைஸ் பதிவில் 'பகுதிச் சுவர்' என்பதை மாற்ற மறக்க வேண்டாம். கட்டிய ஆண்டு, நீளம், எந்த நிதி, ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் எதுவரை என்பதைச் சொத்துப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். மூன்று ஆண்டுகளில் தலைமையாசிரியர் மாறுவார், குழு மாறும். விரிசல் விழும் நாளில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுப்பவர் வேறு யாரோவாக இருப்பார்.